அப்பாவுக்கு ஃபிஸ்டுலா போடச் சொல்லிவிட்டார்கள். எங்கிருந்து தொடங்குவது?

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு மகள் கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு 58 வயது, காசிமேட்டில் மீன் ஏலம் எடுக்கும் வேலை. பல வருடமாகச் சர்க்கரையும் பி.பி.யும் உண்டு. சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் இ.ஜி.எஃப்.ஆர். ஆறு மாதத்துக்கு முன் 19, இப்போது 14, கிரியாட்டினின் 4.6. சிறுநீரக டாக்டர், "கையில் ஃபிஸ்டுலா போட்டு வைத்துவிடலாம்" என்கிறார். டயாலிசிஸுக்கு ரத்தம் எடுக்க, கையில் இரண்டு ரத்தக் குழாய்களை இணைத்துத் தைக்கிற ஆபரேஷன் அது. அப்பாவோ, "எனக்கு யூரின் நல்லாத்தான் போகுது, கால்கூட வீங்கலை, எதுக்கு இப்பவே கையை வெட்டணும்?" என்று எழுந்து வந்துவிட்டார். இப்போதே செய்யத்தான் வேண்டுமா, செய்வதென்றால் எப்படித் தயார் ஆவது என்பது மகளின் கேள்வி.

வடசென்னையில் டயாலிசிஸ் பிரிவுகளில் பல வருடம் டெக்னீஷியனாக இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். கத்தி எப்போது, எந்தக் கையில் என்பதையெல்லாம் டாக்டர்தான் முடிவு செய்வார். ஆனால் அந்த முடிவுக்கு முன்னும் பின்னும் வீட்டில் நடக்க வேண்டியவை நிறைய. அவற்றை யாரும் உட்கார வைத்துச் சொல்வதில்லை.

சுருக்கமாக: ஆமாம், இதுதான் சரியான நேரம். அதைவிட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. இன்றிலிருந்து அப்பாவின் இடது கையில் யாரும் ஊசி குத்தக் கூடாது. ஆபரேஷனை அடுத்த வாரமோ அடுத்த மாதமோ வைத்துக்கொள்ளலாம்; கையைக் காப்பாற்றுவதைத் தள்ளிப்போட முடியாது.

முதலில் அப்பாவின் கேள்வி. அவர் சொல்வதில் பொய் இல்லை. இ.ஜி.எஃப்.ஆர். 14 இருக்கும்போது பலருக்குச் சிறுநீர் நன்றாகவே போகும். ஆனால் எவ்வளவு போகிறது என்பது வேறு, அதோடு எவ்வளவு கழிவு போகிறது என்பது வேறு. ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர் போகிற ஆளுக்கும் ரத்தத்தில் யூரியாவும் பொட்டாசியமும் ஏறிக்கொண்டே இருக்கலாம். ஆறு மாதத்தில் ஐந்து புள்ளி இறங்கியிருக்கிறது என்பதைத்தான் டாக்டர் பார்க்கிறார். ஒரே இடத்தில் நிற்கிற 14 வேறு. இறங்கிக்கொண்டே இருக்கிற 14 வேறு.

ஃபிஸ்டுலா போட்டால் மறுநாளே டயாலிசிஸ் தொடங்கிவிடுவார்கள் என்றுதான் முக்கால்வாசிப் பேர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. போட்ட ஃபிஸ்டுலா சும்மாவே இருக்கலாம், மாதக்கணக்கில்கூட. அதை ஊசி போடத் தகுதியாக்க உடம்புக்கு நேரம் வேண்டும். நேரம் இருக்கும்போதே போட்டுவைக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஏன் நேரம் வேண்டும் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. டயாலிசிஸ் இயந்திரம் நிமிடத்துக்கு 250 முதல் 350 மில்லி ரத்தத்தை வெளியே இழுத்துச் சுத்தம் செய்து திருப்பி அனுப்ப வேண்டும். அதுவும் ஒரு தடவைக்கு நாலு மணி நேரம், வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று முறை. நம் கையில் ட்ரிப்ஸ் ஏற்றுகிற நரம்பில், அதாவது சிரையில், அவ்வளவு ரத்தம் ஓடாது. இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுவருகிற மணிக்கட்டுத் தமனியில்கூடச் சாதாரணமாக நிமிடத்துக்கு 20, 30 மில்லிதான். அதனால் தோலுக்கடியில் தமனியையும் சிரையையும் இணைத்துத் தைத்துவிடுகிறார்கள். தமனியின் அழுத்தம் நேராகச் சிரைக்குள் பாய்கிறது. வாரக்கணக்கில் அந்தச் சிரை அகலமாகி, சுவர் தடித்து, பெரிய ஊசியைத் தாங்குகிற அளவுக்கு வளர்கிறது. வளர்ந்தபின் அதில் ஓட்டம் 600 மில்லிக்கு மேல் இருக்க வேண்டும்.

இந்த வழி வந்தது 1966-இல். நியூயார்க்கில் ப்ரெஸ்சியா, சிமினோ என்ற மருத்துவர்களும், ஆப்பல் என்ற அறுவை மருத்துவரும் முதன்முதலாக இதைச் செய்து எழுதினார்கள். அதற்கு முன் 1960-இல் அமெரிக்காவின் சியாட்டிலில் ஸ்க்ரிப்னர் என்பவர் கைக்கு வெளியே ஒரு குழாயை நிரந்தரமாகத் தொங்கவிட்டு டயாலிசிஸ் செய்தார். அதில் சீழும் அடைப்பும் ஓயாத தொல்லை. இத்தனை வருடம் கழித்தும், எத்தனையோ புதுச் சாதனம் வந்தும், சொந்த ரத்தக் குழாயில் செய்கிற இந்த எளிய இணைப்பை மிஞ்ச வேறொன்று வரவில்லை.

சரி, போடாமல் விட்டால் என்ன? ஒரு நாள் ராத்திரி மூச்சு வாங்கும், படுக்க முடியாது. 108-ஐக் கூப்பிட்டு ஓடுவீர்கள். அங்கே கழுத்திலோ தொடையிலோ தற்காலிகக் குழாய் போட்டு அவசர டயாலிசிஸ் செய்வார்கள். உயிர் பிழைத்துவிடும், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அந்தக் குழாயோடுதான் அடுத்த இரண்டு மூன்று மாதம், ஏனென்றால் ஃபிஸ்டுலாவை அதற்கப்புறம்தான் போட முடியும், அது தயாராகவும் வேண்டும். கழுத்துக் குழாயின் ஒரு முனை வெளியே, மறு முனை இதயத்துக்குப் பக்கத்தில். நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வையும் அழுக்கும் பட்டால் கிருமி நேராக ரத்தத்துக்குள் போய்விடும். டயாலிசிஸ் ஓடும்போது குளிர் நடுங்கிக் காய்ச்சல் வந்த நோயாளிகளை நான் பார்த்ததில் பெரும்பாலோர் குழாயோடு இருந்தவர்கள்தான். தலைக்குத் தண்ணீர் ஊற்றிக் குளிக்க முடியாது. இன்னொரு விஷயம்: ஒவ்வொரு குழாயும் உள்ளே இருக்கிற பெரிய சிரையில் தழும்பை விட்டுப் போகலாம். அந்தப் பக்கத்துச் சிரை சுருங்கினால், பிறகு அதே பக்கக் கையில் போடுகிற ஃபிஸ்டுலா வீங்கி வீணாகும். காறை எலும்புக்குக் கீழே போடும் குழாயில் இந்த ஆபத்து அதிகம். அதனால் அதைக் கூடியமட்டும் தவிர்க்கிறார்கள். எப்படியும் குழாய் போட்டே ஆக வேண்டிய நிலை வந்தால், வலது பக்கக் கழுத்தில் போட முடியுமா என்று கேளுங்கள். இடது கை அப்போதும் தப்பிக்கும்.

இப்போது அந்த இடது கைக்கு வருகிறேன். வலது கைப் பழக்கம் உள்ளவர்களுக்கு இடது கைதான் முதல் தேர்வு. டயாலிசிஸ் ஓடும் நாலு மணி நேரமும் ஊசி போட்ட கையை அசைக்க முடியாது. மற்ற கையால் சாப்பிடவும் போனைப் பார்க்கவும் வேண்டும். இடது கைப் பழக்கம் என்றால் தலைகீழ்.

ஃபிஸ்டுலாவுக்குத் தேவையான சிரைகள் எவை? முன்கையில் கட்டைவிரல் பக்கம் ஏறிப்போகிற நீளமான நரம்பு, முழங்கை மடிப்பில் இருப்பவை. லேபில் ரத்தம் எடுப்பவர் முதலில் தேடுவதும் இவற்றையே. வார்டில் வென்ஃப்ளான், அதாவது ட்ரிப்ஸ் ஏற்ற நரம்பில் பதிக்கிற சின்னக் குழாய், போடுகிற சிஸ்டருக்குப் பிடித்ததும் மணிக்கட்டுக்கு மேலே உள்ள அந்த நேர் நரம்பு. ஒவ்வொரு வென்ஃப்ளானும் இரண்டு மூன்று நாள் உள்ளே இருந்து நரம்பை வீங்க வைத்து, கயிறு மாதிரி கெட்டியாக்கிவிட்டுப் போகும். சர்க்கரைக்காக, காய்ச்சலுக்காக, கால் புண்ணுக்காக நாலைந்து தடவை அட்மிட் ஆன ஒருவரின் கையில் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் வைத்துப் பார்த்தால், இருக்க வேண்டிய இடத்தில் நரம்பே இருக்காது. சர்ஜனின் திறமை அதற்கப்புறம் உதவாது.

அதனால் அப்பாவுக்கு இனி ரத்தம் எடுப்பது, வென்ஃப்ளான் போடுவது எல்லாம் வலது கையின் புறங்கையில். பி.பி. பார்ப்பதும் வலது கையில். ஃபிஸ்டுலா போடும் முன் இடது கையில் பி.பி. பார்ப்பதால் பெரிய கேடு இல்லை என்றாலும், பழக்கத்தை இப்போதே மாற்றிவிடுவது நல்லது. போட்ட பிறகு அந்தக் கையில் பட்டையைக் கட்டி அழுத்தினால் அடைத்தே போகலாம். நீண்ட நாள் ஆன்டிபயாடிக் ஏற்றக் கை வழியாக நெஞ்சுவரை போகிற நீளக் குழாய் போடலாம் என்று யாராவது சொன்னால், "கிட்னி டாக்டரிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்" என்று நிறுத்துங்கள்.

இதைச் சொல்ல அப்பாவுக்குக் கூச்சமாக இருக்கும். ஆஸ்பத்திரியில் சிஸ்டரை எதிர்த்துப் பேசுவதா என்று அந்தத் தலைமுறை நினைக்கும். அதனால் அவர் போன் கவருக்குப் பின்னால் ஒரு சீட்டு வையுங்கள்: "கிட்னி நோயாளி. இடது கையில் ஊசி, ட்ரிப்ஸ், பி.பி. கூடாது." தெருமுனை லேபுக்குப் போனாலும், மருத்துவ முகாமுக்குப் போனாலும் அதைக் காட்டினால் போதும். உயிருக்கு ஆபத்தான நேரத்தில் கிடைத்த கையில் போடத்தான் செய்வார்கள். அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. நான் சொல்வது சாதாரண நாட்களில் யோசிக்காமல் குத்துகிற குத்துகளை.

ஃபிஸ்டுலாவுக்கு ஒத்துக்கொள்ளும் முன் டாக்டரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். வீட்டில் யாராவது கிட்னி கொடுக்கத் தயாராக இருந்தால், டயாலிசிஸுக்கே போகாமல் நேராக மாற்று அறுவைக்கு வாய்ப்பு உண்டா? எல்லாம் கூடி வந்தால் சிலருக்கு ஃபிஸ்டுலாவே தேவைப்படாது. இரண்டாவது, வயிற்று வழி டயாலிசிஸ், அதாவது சி.ஏ.பி.டி., அப்பாவுக்கு ஒத்துவருமா? இதில் ஊசி இல்லை, வாரம் மூன்று நாள் அலைச்சல் இல்லை; வயிற்றில் ஒரு மெல்லிய குழாய் போட்டு வீட்டிலேயே ஒரு நாளைக்கு மூன்று நாலு முறை திரவத்தை விட்டு மாற்ற வேண்டும். அந்தத் திரவப் பைகளை மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தரும் ஏற்பாடு தமிழ்நாட்டில் உண்டு. எண்ணூர், மணலி பக்கம் இருந்து வருகிறவர்களுக்கு நான் இதைத்தான் முதலில் யோசிக்கச் சொல்வேன். பைகளை அடுக்க இடம் வேண்டும், மாற்றும்போது ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, கையைச் சுத்தமாகக் கழுவ வேண்டும். ஒற்றை அறை வீட்டிலும் ஒழுங்காகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். மாடி வீட்டில் இருந்துகொண்டு மாதம் ஒரு முறை வயிற்றில் கிருமியோடு வருகிறவர்களும் இருக்கிறார்கள். குடலிறக்கம் இருந்தாலோ, வயிற்றில் பெரிய ஆபரேஷன் ஏற்கெனவே நடந்திருந்தாலோ அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். மலச்சிக்கலைச் சரிசெய்த பிறகே குழாய் போடுவார்கள்.

ஃபிஸ்டுலாதான் என்று முடிவானால் அடுத்தது பரிசோதனை. சர்ஜன் முதலில் கையால்தான் பார்ப்பார். இரண்டு கையிலும் பி.பி. எடுத்து வித்தியாசம் இருக்கிறதா என்று பார்ப்பது, மணிக்கட்டில் இரண்டு தமனியையும் அழுத்தி ஒன்றை மட்டும் விட்டு உள்ளங்கை சிவக்கிறதா என்று பார்ப்பது, தோளிலும் நெஞ்சிலும் புடைத்த நரம்போ பழைய தழும்போ இருக்கிறதா என்று தேடுவது. பேஸ்மேக்கர் வைத்திருந்தால், முன்பு கழுத்தில் குழாய் போட்டிருந்தால், அந்தப் பக்கத்துக் கையில் எலும்பு முறிவோ அறுவையோ நடந்திருந்தால், கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

பிறகு டாப்ளர் ஸ்கேன். கையில் பட்டை கட்டி நரம்பின் அகலம், ஆழம், நடுவில் எங்காவது அடைப்பு, தமனியின் அகலம், அதன் சுவரில் சுண்ணாம்பு படிந்திருக்கிறதா என்று அளப்பார்கள். தமனி 2 மில்லிமீட்டர், சிரை 2 முதல் 2.5 மில்லிமீட்டராவது இருந்தால்தான் பெரும்பாலான சர்ஜன்கள் துணிவார்கள். ஒரு சின்னத் தகவல்: ஏ.சி. அறையில் குளிர்ந்துபோன கையில் நரம்பு சுருங்கித்தான் தெரியும். வெளியே காத்திருக்கும்போது கையைப் போர்த்தி வெதுவெதுப்பாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வாந்தி பேதியாகி உடம்பு காய்ந்திருக்கிற நாளில் இந்த ஸ்கேனுக்குப் போக வேண்டாம்.

சர்க்கரைக்காரர்களுக்கு மணிக்கட்டுத் தமனி பெரும்பாலும் கடினமாகிப் போயிருக்கும். அதனால் சர்ஜன் மணிக்கட்டை விட்டுவிட்டு முழங்கையில் போடலாம் என்றால் "பெரிய இடத்தில் கை வைக்கிறாரே" என்று பயப்பட வேண்டாம். மணிக்கட்டில் முடிந்தால் அங்கே தொடங்குவதே வழக்கம், ஏனென்றால் அது கெட்டாலும் மேலே இடம் மிச்சம் இருக்கும். ஆனால் ஓடாத இடத்தில் போட்டு இரண்டு மாதத்தை வீணாக்குவதற்கு முழங்கை மேல். சொந்த நரம்பே கிடைக்காதவர்களுக்குச் செயற்கைக் குழாயைத் தோலுக்கடியில் பதிப்பதும் உண்டு. இரண்டு மூன்று வாரத்தில் ஊசி போடலாம், ஆனால் கிருமியும் அடைப்பும் அதில் அதிகம்.

எக்கோ, அதாவது இதய ஸ்கேன், எடுக்கச் சொல்வார்கள். ஃபிஸ்டுலா வழியாக ஓடும் கூடுதல் ரத்தத்தையும் இதயம் தள்ள வேண்டியிருப்பதால், ஏற்கெனவே இதயம் பலவீனமானவர்களுக்கு இது யோசிக்க வேண்டிய விஷயம். ரத்தத்தில் ஹீமோகுளோபின், பொட்டாசியம், ரத்தம் உறையும் நேரம், ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி. ஆகியவை வழக்கமானவை. பொட்டாசியம் ஏறியிருந்தாலோ பி.பி. மிக அதிகமாக இருந்தாலோ தேதியைத் தள்ளிவைப்பார்கள். காலில் புண், தோலில் கொப்புளம், காய்ச்சல் எதுவாக இருந்தாலும் மறைக்காதீர்கள். தேதி தள்ளிப்போகும் என்று பயந்து பலர் கால் புண்ணைச் சொல்வதில்லை. அந்தக் கிருமி ஆபரேஷன் செய்த இடத்துக்கு வந்தால் ஃபிஸ்டுலாவே போய்விடும்.

ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை இப்போதே ஆரம்பித்துவிடுங்கள். கிட்னி நோயாளிகளுக்கு வழக்கத்தைவிட இரட்டை அளவு, பெரும்பாலும் நாலு தவணை, முடிய ஆறு மாதம் ஆகும். டயாலிசிஸ் தொடங்கும் முன் போட்டால் உடம்பு நன்றாக எதிர்ப்பு சக்தி பிடிக்கும். ஊசி தோள்பட்டைத் தசையில் போடுவது. அதையும் வலது கையிலேயே வாங்கிக்கொள்ளலாம்.

மாத்திரை விஷயத்தில் ஒரே விதி: நீங்களாக நிறுத்தாதீர்கள், நீங்களாகத் தொடரவும் வேண்டாம், பட்டியலைக் காட்டிக் கேளுங்கள். ஆஸ்பிரின் பெரும்பாலும் தொடரும். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர், ரத்தம் கட்டாமல் தடுக்கும் க்ளோபிடோக்ரெலைத் தானாக நிறுத்தினால் கை பிழைத்து இதயம் போய்விடும். வார்ஃபரின் போன்றவற்றை எத்தனை நாள் முன் நிறுத்துவது என்பதை இதய டாக்டரும் சர்ஜனும் பேசி முடிவு செய்ய வேண்டும். இ.ஜி.எஃப்.ஆர். 30-க்குக் கீழே மெட்ஃபார்மின் கூடாது. பழைய சீட்டைக் காட்டி இன்னும் வாங்கிக்கொண்டிருக்கிறாரா என்று ஒரு தடவை டப்பாவைத் திறந்து பாருங்கள். மூட்டு வலிக்கு மெடிக்கலில் வாங்கிப் போடுகிற டைக்ளோஃபெனாக் வகை வலி மாத்திரைகள் அறவே வேண்டாம். மீன் கூடை தூக்கி முதுகு வலிக்கிறது என்று காசிமேட்டிலும் துறைமுகத்திலும் இதை மிட்டாய் மாதிரி போடுகிறவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும்.

இடமும் காசும். ராயபுரம், தண்டையார்பேட்டைக்காரர்களுக்கு ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி பக்கம். சென்ட்ரல் எதிரே ஜி.எச்.சில் ரத்தக் குழாய் அறுவைக்கென்றே தனித் துறை இருக்கிறது, தண்டையார்பேட்டையிலிருந்து மெட்ரோவிலேயே சென்ட்ரல் வந்து இறங்கிவிடலாம். தனியார் ஆஸ்பத்திரி என்றால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரியா, ஃபிஸ்டுலா அறுவை அங்கே அதில் வருமா என்று அட்மிஷனுக்கு முன்பே காப்பீட்டு மேசையில் கேட்டுக்கொள்ளுங்கள். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அட்டை இல்லையென்றால் ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றிதழோடு ராஜாஜி சாலையில் இருக்கும் கலெக்டர் ஆபீஸுக்குப் போக வேண்டும். வருமானச் சான்றிதழுக்கு நாள் பிடிக்கும். டாப்ளருக்குத் தேதி கேட்கிற அன்றே அதற்கும் விண்ணப்பித்துவிடுங்கள். ஃபிஸ்டுலாவை யார் செய்கிறார்கள் என்பது ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி மாறும்: ரத்தக் குழாய் சர்ஜன், யூராலஜிஸ்ட், பிளாஸ்டிக் சர்ஜன், சில இடங்களில் சிறுநீரக டாக்டரே. பட்டத்தைவிட, அவர் இதை அடிக்கடி செய்கிறவரா என்பதுதான் முக்கியம். கேட்பதில் தப்பில்லை.

ஆபரேஷன் நாள் பெரிய ஆர்ப்பாட்டம் இல்லாதது. கையை மட்டும் மரத்துப்போக வைத்துச் செய்வார்கள், ஒன்றிரண்டு மணி நேரம். தோள்பட்டை அருகே ஊசி போட்டு முழுக் கையையும் மரத்துப்போக வைப்பதென்றால் வெறும் வயிறு வேண்டும். அந்த இடத்தில் மட்டும் ஊசி என்றால் சில இடங்களில் லேசாகச் சாப்பிட விடுவார்கள். எது என்று முன் நாளே கேளுங்கள், இன்சுலின் அளவு அதைப் பொறுத்தது. பட்டினியாக இருந்துகொண்டு வழக்கமான இன்சுலினைப் போட்டுக்கொண்டு தியேட்டர் வாசலில் மயங்கியவர்கள் உண்டு. காலையில் சோப்புப் போட்டுக் குளிப்பது, நகம் வெட்டுவது போதும். கையை வீட்டில் ஷேவ் செய்ய வேண்டாம், பிளேடு கீறலில் கிருமி போகும். வாட்ச், மோதிரத்தைக் கழற்றுங்கள். அப்புறம் கையில் கட்டியிருக்கும் கயிறு. வடிவுடையம்மன் கோயில் கயிறோ, தர்கா கயிறோ, எதுவானாலும் அதை வலது கைக்கு மாற்றிவிடுங்கள். இது ஒரு நாளைக்கு மட்டும் இல்லை. அந்தக் கையில் இனி எப்போதும் இறுக்கமாக எதுவும் இருக்கக் கூடாது. பெண்களுக்கு இது வளையலுக்கும் இறுக்கமான ரவிக்கைக் கைக்கும் பொருந்தும். முன்பக்கம் பட்டன் வைத்த, கை அகலமான சட்டை எடுத்துப் போங்கள்.

முடிந்து வெளியே வந்ததும் நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டிய ஒரே பாடம் திரில், அதாவது ஃபிஸ்டுலாவின் அதிர்வு. தையல் போட்ட இடத்துக்குச் சற்று மேலே மூன்று விரலை லேசாக வைத்தால், மோட்டார் ஓடும்போது தண்ணீர்க் குழாயைத் தொட்டால் தெரிகிற அதிர்வு தெரியும். அன்றைக்கே டாக்டரையோ சிஸ்டரையோ உங்கள் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைக்கச் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள். காலையில் எழுந்ததும், ராத்திரி படுக்கும் முன்னும், அப்பா தானே தொட்டுப் பார்க்க வேண்டும். காதை வைத்தால் உஸ் உஸ் என்று சத்தமும் கேட்கும். அதிர்வு நின்றுபோனால் அடுத்த ஓ.பி. நாளுக்குக் காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே போக வேண்டும். ஒரு நாள், இரண்டு நாளுக்குள் போனால் உறைந்ததை எடுத்துக் காப்பாற்ற வாய்ப்பு இருக்கிறது. வாரம் கழித்துப் போனால் பெரும்பாலும் புது ஆபரேஷன்தான்.

அடைப்புக்கு முக்கியமான காரணம் பி.பி. திடீரென்று இறங்குவது. வாந்தி பேதி, சித்திரை வெயிலில் அலைந்து காய்வது, பி.பி. மாத்திரையை இரண்டு தடவை போட்டுவிடுவது எல்லாம் இதில் சேரும். அந்தக் கையைத் தலைக்கு வைத்துத் தூங்கினாலும் அடைக்கலாம். முதல் சில நாள் கை கொஞ்சம் வீங்கும்; தலையணை மேல் உயர்த்தி வைத்தால் வடியும். சுற்றி இறுக்கமாகக் கட்டுப் போட வேண்டாம். விரல்கள் சில்லிட்டுப் போவது, மரத்துப் போவது, நிறம் மாறுவது, பொறுக்க முடியாத வலி என்றால் ரத்தம் விரலுக்குப் போகாமல் ஃபிஸ்டுலாவே இழுத்துக்கொள்கிறது என்று அர்த்தம். சர்க்கரைக்காரர்களுக்கு இது வர வாய்ப்பு அதிகம், உடனே காட்ட வேண்டும். ரத்தம் கசிந்தால் துணியைச் சுற்றிக் கட்டாமல், கசிகிற புள்ளியில் விரலை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

தையல் பத்து, பதினாலு நாளில் பிரிப்பார்கள். புண் ஆறியதும் ரப்பர் பந்தை அமுக்குகிற பயிற்சி. அது மட்டுமே ஃபிஸ்டுலாவை வளர்த்துவிடாது, ஆனால் செய்வதில் நஷ்டம் இல்லை. மீன் ஏலத்துக்கு அப்பா தாராளமாகப் போகலாம். இடது கையில் பாரமான கூடையைத் தூக்குவதும், முன்கையில் கயிற்றைச் சுற்றி இழுப்பதும் மட்டும் இனி வேண்டாம்.

ஆறு வாரத்தில் கட்டாயம் ஒரு முறை டாக்டரிடம் காட்ட வேண்டும். நான் அதிகம் வருத்தப்படுவது இங்கேதான். ஆபரேஷன் முடிந்தது, தையல் பிரித்தாயிற்று, இனி டயாலிசிஸ் சொல்லும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டில் இருந்துவிடுவார்கள். நாலு மாதம் கழித்துக் குத்தப் போனால் நரம்பு நூலாக இருக்கும். முதல் முறை போட்ட ஃபிஸ்டுலா எல்லோருக்கும் வளர்ந்துவிடாது, வளராதவர்கள் கணிசமானவர்கள். பலருக்குக் காரணம் இணைப்புக்குப் பக்கத்தில் ஒரு குறுகல், அல்லது ரத்தத்தைத் திருடுகிற ஒரு கிளை நரம்பு. பலூன் விட்டு விரிக்கலாம், கிளையைக் கட்டிவிடலாம். ஆனால் அதைக் கண்டுபிடிக்க ஆறாவது வாரம் போயிருக்க வேண்டும். அப்போது அவர்கள் தேடுவது: அகலம் 6 மில்லிமீட்டர், தோலிலிருந்து ஆழம் 6 மில்லிமீட்டருக்குள், ஓட்டம் நிமிடத்துக்கு 600 மில்லி. இரண்டு மாதமாகியும் வளரவில்லை என்றால் "இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம்" என்ற பதிலோடு திரும்பாதீர்கள், டாப்ளர் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

முதல் ஊசி என்றைக்கு வந்தாலும், அந்தப் பிரிவில் கைதேர்ந்த டெக்னீஷியனோ சிஸ்டரோ போட வேண்டும் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. முதலில் மெல்லிய 17 கேஜ் ஊசி, மெதுவான ஓட்டம். குத்தின இடம் வீங்கினால் ஊசியை எடுத்துவிட்டு அழுத்திப் பிடித்து, ஐஸ் ஒத்தடம் கொடுத்து, கைக்குச் சில நாள் ஓய்வு. அப்புறம் ஒவ்வொரு முறையும் இடத்தை மாற்றி மாற்றிக் குத்த வேண்டும். வலி குறைவாக இருக்கிறது என்று நோயாளியே அதே இடத்தைக் காட்டுவார், அவசரத்தில் நாங்களும் குத்திவிடுவோம். வருடம் போனால் அந்த இடம் பந்து போலப் புடைத்துத் தோல் மெலிந்துவிடும்.

அடுத்த ஓ.பி.க்குப் போகும்போது டாப்ளர் ரிப்போர்ட்டை டாக்டர் மேசையில் வைத்துவிட்டு வராமல் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். இடது கை நரம்பு 2 மில்லிமீட்டருக்குக் கீழே என்று எழுதியிருந்தால், மணிக்கட்டில் மட்டும் அளந்தார்களா, முழங்கைக்கு மேலேயும் வலது கையிலும் பார்த்தார்களா என்று கேளுங்கள். பார்க்கவில்லையென்றால் "போட முடியாது" என்பதை முடிவாக எடுத்துக்கொண்டு கழுத்துக் குழாய்க்குக் கையெழுத்துப் போட வேண்டாம். இன்னொரு ஸ்கேன் எடுக்க அப்பாவுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.